‘விலகி இருங்கள்’ என்றால் எப்படி, டாக்டர்?

இந்த இதழுக்குத் தேர்ந்தெடுத்த கேள்விகள் அனைத்தும் முதுகுத் தண்டுவடத்தில் காயம் பட்டவர்களின் வீடுகளிலிருந்தும், அவர்களைப் பராமரிக்கும் வார்டுகளிலிருந்தும் வந்தவை. கொரோனாவுக்கான உலகளாவிய அவசரநிலையை உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்றே விலக்கிக்கொண்டது. ஆயினும் இந்தக் கடிதங்களில் அந்தக் காலம் இன்னும் நிகழ்காலமாகவே இருக்கிறது. அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

என் கணவர் தென்னை மரம் ஏறும் தொழிலாளி. 2020 ஜனவரியில் மரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் போய்விட்டன. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மறுவாழ்வுப் பிரிவில் சேர்த்த மூன்றாவது வாரமே ஊரடங்கு வந்ததால், பாதியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போதும் எங்கோ புதிய காய்ச்சல் என்று தொலைக்காட்சியில் சொன்னால் வாசல் கதவைச் சாத்தச் சொல்கிறார். பள்ளிக்கூடம் விட்டு வரும் மகளை அருகில் விடுவதில்லை. மறுபரிசோதனைக்கும் வர மறுக்கிறார். இது மனநோயா?
— ஒரு வாசகி, பொள்ளாச்சி

நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்து அதை மனநோய் என்று சொல்ல மாட்டேன். அவருடைய பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. தண்டுவடக் காயத்துக்குப் பிந்தைய முதல் சில மாதங்களில்தான் ஒருவர் தம் மாறிப்போன உடலோடு பழகிக்கொள்கிறார். படுக்கையிலிருந்து வீல்சேருக்கு மாறுவது, சில மணி நேரத்துக்கு ஒரு முறை தாமே டியூப் போட்டுச் சிறுநீரை வெளியேற்றுவது, கால் மணியிலிருந்து அரை மணிக்குள் ஒரு முறை கைகளை ஊன்றி உடலைத் தூக்கிப் புட்டத்தின் மீதுள்ள அழுத்தத்தைக் குறைப்பது என எல்லாவற்றையும் மறுவாழ்வு வார்டில்தான் கற்கிறார்கள். எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத ஒன்றையும் அங்கே கற்கிறார்கள்: ஆறு மாதங்களுக்கு முன் இதே நிலையில் வந்து சேர்ந்த பக்கத்துக் கட்டில்காரர், இன்று யார் உதவியும் இல்லாமல் உடை மாற்றிக்கொள்வதைக் கண்ணால் பார்ப்பது. 2020 மார்ச் 25 அன்று தொடங்கிய ஊரடங்கு உங்கள் கணவரிடமிருந்து அந்தப் பக்கத்துக் கட்டிலைப் பறித்துவிட்டது. தம் உடல் இனித் தம் சொல் கேளாது என்பதையும், வெளியுலகம் உயிரைப் பறிக்கக்கூடியது என்பதையும் அவர் ஏறத்தாழ ஒரே சமயத்தில் அறிந்துகொண்டார். அவை இரண்டும் அவர் மனத்தில் ஒன்றோடொன்று பின்னிப் பதிந்திருக்கக்கூடும் என்றே ஊகிக்கிறேன்.

இன்னொரு சாத்தியத்தையும் நீங்கள் யோசிக்க வேண்டும். ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாட்களில் அவர் மட்டும் தனித்துத் தெரியவில்லை. யாரும் அவரைப் பார்த்துப் பரிதாபப்படவில்லை. ஏன் வெளியே வரவில்லை என்று கேட்கவும் இல்லை. ஊரடங்கு என்னை நிம்மதியாக வைத்திருந்தது என்று தயங்கித் தயங்கிச் சொன்ன நோயாளிகளை எனக்குத் தெரியும். ஆகவே வெளியே வர மறுப்பதற்குக் கிருமி ஒரு காரணமாக இருக்கலாம். வழியில் சிறுநீர் கசிந்துவிடுமோ என்ற கூச்சமும், காரில் ஏற்ற நான்கு பேரைக் கூப்பிட வேண்டியிருக்கிறதே என்ற அவமான உணர்வும் அதே அளவுக்குக் காரணங்களாக இருக்கலாம். ஏன் பயப்படுகிறீர்கள் என்று கேட்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் எந்த இடம் உங்களுக்குக் கஷ்டம் என்று கேளுங்கள். அந்தப் பதிலைக் கொண்டு செய்யத்தக்கது ஏதாவது கிடைக்கும்.

கூடவே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். கடந்த இரண்டு வாரங்களில் முன்பு விரும்பிச் செய்தவற்றில் அவருக்கு நாட்டம் இல்லாமல் போயிருக்கிறதா? மனம் சோர்ந்து, இனி என்ன இருக்கிறது என்ற பேச்சு வருகிறதா? பாதிக்கு மேற்பட்ட நாட்களில் இவற்றில் ஒன்று இருந்தாலும், மனச்சோர்வு இருக்கிறதா என்று மருத்துவர் விரிவாகப் பார்த்தாக வேண்டும். நேரில் வர மாட்டார் என்றால் வீடியோ அழைப்பிலிருந்து தொடங்கலாம். ஊரடங்கு தொடங்கிய அதே 2020 மார்ச் 25 அன்றுதான் இந்தியாவில் தொலைமருத்துவத்துக்கான முறையான வழிகாட்டுதல் வெளியானது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வந்து தரப்படுகிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். அந்தப் பணியாளர் வந்துபோவது பழகிய பிறகு ஆஸ்பத்திரிப் பயணத்தைப் பற்றிப் பேசலாம்: கூட்டமில்லாத காலை நேரம், கிளம்பும் முன் ஒரு முறை டியூப், தெரிந்தவரின் வண்டி. மகளைப் பொறுத்தவரை, பள்ளியிலிருந்து வந்ததும் அவர் கண்ணெதிரே கை கழுவிவிட்டு அருகில் வந்து அமரும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். பயத்துக்கு மதிப்புக் கொடுத்து விலகி விலகிப் போனால் அது வளரும். கேலி செய்தாலோ ஒளிந்துகொள்ளும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. நான் இல்லாவிட்டால் உங்களுக்குப் பாரம் குறையும் என்ற பொருளில் அவர் எப்போதாவது பேசினால், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தோட்டத்துப் பூச்சிமருந்தையும் மீந்த மாத்திரைப் பட்டைகளையும் அவர் கைக்கு எட்டாமல் வைத்துவிட்டு, அவரைத் தனியே விடாமல், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

கழுத்தில் அடிபட்டவன் நான். கைகள் பாதிதான் வேலை செய்யும். கை கழுவுங்கள், முகத்தைத் தொடாதீர்கள், ஆறடி விலகி நில்லுங்கள் என்று ஓயாமல் சொன்னார்கள். இவற்றில் ஒன்றையும் என்னால் செய்ய முடியாது. இன்னொரு தொற்று வந்தால் என்னைப் போன்றவர்கள் தெரிந்திருக்க வேண்டியது என்ன?
— ஒரு வாசகர், மேலூர்

உங்கள் கோபம் நியாயமானது. தினமும் மார்போடு மார்பு அணைத்துத் தூக்கி வீல்சேரில் உட்கார வைக்கப்படும் ஒருவரிடம் ஆறடி இடைவெளியைப் பற்றிப் பேசியவர்கள் உங்களை மனத்தில் வைத்துப் பேசவில்லை. விரல்கள் மடங்காதவர் டியூப் உறையைப் பல்லால் கடித்துத்தான் பிரிக்கிறார்; வாயைத் தொடாதே என்ற அறிவுரை அவருக்கு எதற்கு? உங்களுக்கான விதிகள் வேறு. உங்களைத் தூக்குபவர் முகக்கவசம் அணிய வேண்டும். அவர் வீட்டுக்குள் வந்ததும் கை கழுவ வேண்டும். காய்ச்சலோ இருமலோ இருந்தால் அன்று அவர் உங்களைத் தொடக் கூடாது. மாற்று ஆள் வர வேண்டும். வீல்சேரை நீங்களே தள்ளுகிறீர்கள் என்றால், கையை மட்டும் கழுவிவிட்டு மறுபடி அழுக்கான வளையத்தைப் பிடிப்பதில் பயனில்லை. கை படும் வளையத்தையும் பிரேக்கையும் சேர்த்துத் துடையுங்கள். உறைகளைக் கத்தரித்து, சுத்தமான டப்பாவில் முன்கூட்டியே அடுக்கி வைக்கச் சொன்னால் பல்லுக்கு வேலை குறையும். முகக்கவசத்தை உங்களால் தாமே கழற்ற முடியாது என்றால், தனியாக இருக்கும்போது அதை அணியாதீர்கள். வாந்தி வந்தால் ஆபத்து.

அடுத்தது உடலின் கணக்கு. மூச்சை இழுக்கும் உதரவிதானத்துக்கு நரம்பு கழுத்துத் தண்டுவடத்தின் மூன்று முதல் ஐந்தாம் பகுதிகளிலிருந்து வருகிறது. பலமாக இருமி வெளியேற்ற உதவும் வயிற்றுத் தசைகளுக்கோ அதைவிடக் கீழே, மார்புப் பகுதியிலிருந்து வருகிறது. எனவே கழுத்தில் அடிபட்ட பலர் தாமே மூச்சு விட்டாலும், சளியை வெளியே தள்ளும் அளவுக்கு அவர்களால் இரும முடிவதில்லை. நுரையீரலைத் தாக்கும் எந்தத் தொற்றும் உங்களுக்குக் கூடுதல் ஆபத்து என்பதற்கு முக்கியக் காரணம் இதுவே. நீங்கள் இருமும் அதே கணத்தில் இன்னொருவர் விலா எலும்புக்குக் கீழே உள்ளங்கையால் உள்ளும் மேலுமாக அழுத்தித் தரும் உதவி இருமலை, உடம்பு நன்றாக இருக்கும்போதே பிசியோதெரபிஸ்ட்டிடம் உங்கள் வீட்டார் இருவராவது கற்றுக்கொள்ளட்டும். காய்ச்சல் வந்த பிறகு கற்க நேரம் இருக்காது.

காய்ச்சலே உங்களை ஏமாற்றும். காயத்துக்குக் கீழே வியர்வை சுரக்காததால், மேலூர் வெயிலில் மின்விசிறி நின்றாலே தெர்மாமீட்டர் ஏறிவிடும். மறுபுறம், உண்மையான தொற்றிலும் சூடு பெரிதாகத் தெரியாமல் போகலாம். சிறுநீர்ப் பாதைத் தொற்றுக் காய்ச்சலும் உங்களுக்கு அடிக்கடி வரக்கூடியதே. அதனால் சூட்டை மட்டும் நம்பாமல், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் உங்கள் வழக்கமான அளவு எவ்வளவு என்று இப்போதே குறித்து வையுங்கள். வழக்கத்துக்கு மாறாகக் குறைந்தாலோ, 94-க்குக் கீழே இறங்கினாலோ தாமதிக்காதீர்கள். காரணமில்லாமல் கை கால்களில் தசை இழுப்பு அதிகரிப்பதும், பேச்சு ஒரே மூச்சில் முடியாமல் துண்டுபடுவதும்கூட அறிகுறிகளே.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும் நிலை வந்தால், ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுதிக் கையோடு கொண்டு செல்லுங்கள். முதலாவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையேல் கொரோனா குணமாகும், படுக்கைப்புண் மாதக்கணக்கில் ஆறாது. இரண்டாவது, உங்கள் வழக்கமான இரத்த அழுத்தம். கழுத்தில் அடிபட்டவர்களுக்கு மேல் எண் 90 முதல் 110 வரை இருப்பது இயல்பு. அது 140 ஆனால் புதிய நர்ஸ் கவலைப்பட மாட்டார், ஆனால் உங்களுக்கு அது அவசரநிலை. தலை பிளக்கும் வலி, முகச் சிவப்பு, காயத்துக்கு மேலே வியர்வை ஆகியவற்றோடு அழுத்தம் ஏறினால் உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர் அடைபட்டிருக்கிறதா, மலம் தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியும் இறங்காவிட்டால் மருந்து தர வேண்டும். தண்டுவடத்தின் மார்புப் பகுதியில் ஆறாம் பகுதியிலோ அதற்கு மேலோ அடிபட்ட எல்லோருக்கும் இந்த ஆபத்து உண்டு. மூன்றாவது, தசை இழுப்புக்காகச் சாப்பிடும் பேக்லோஃபென் மாத்திரையைத் திடீரென நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் மனக்குழப்பமும் வலிப்பும் வரலாம். ஊரடங்கில் மாத்திரை கிடைக்காமல் தவித்த குடும்பங்கள் இதை நேரில் கண்டிருப்பார்கள்.

பிசியோதெரபி மாணவி நான். எங்கள் வார்டில் தண்டுவடக் காய நோயாளிகளிடம் தொற்று விழிப்புணர்வு, மனநிலை இரண்டையும் பற்றிய கேள்வித்தாளைக் கொடுத்தோம். பலருக்கு விழிப்புணர்வு நன்றாகவே இருந்தது. அவர்களிடமே பதற்றமும் அதிகமாக இருந்தது. விவரம் தெரிந்தால் பயம் குறைய வேண்டும் அல்லவா?
— ஒரு மாணவி, சென்னை

குறைய வேண்டும் என்று யார் சொன்னது? தெரிந்ததைச் செய்ய வழி இருந்தால்தான் பயம் குறையும். கையை இருபது விநாடி தேய்த்துக் கழுவ வேண்டும் என்ற கேள்விக்குச் சரியான விடை எழுதுபவருக்கு உங்கள் தாளில் ஒரு மதிப்பெண் கிடைக்கிறது. ஆனால் வார்டின் கைகழுவும் தொட்டி வீல்சேரில் அமர்ந்தவருக்கு எட்டாத உயரத்தில் இருந்தால், அந்த விடை அவருக்குத் தினந்தோறும் ஒரு கவலையாகிறது. அடுத்த முறை ஒவ்வொரு விழிப்புணர்வுக் கேள்விக்கும் பக்கத்தில், இதை உங்களால் செய்ய முடிகிறதா, முடியாவிட்டால் எது தடுக்கிறது என்று ஒரு கட்டம் சேர்த்துப் பாருங்கள். பதற்றம் விழிப்புணர்வு மதிப்பெண்ணைவிட இந்தப் புதிய கட்டத்தோடு நெருங்கியிருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். அதோடு, பதற்றமுள்ளவரே செய்திகளைத் தேடித் தேடிப் படிப்பவராகவும் இருக்கலாம். எது காரணம், எது விளைவு என்பதை ஒரே நாளில் நிரப்பிய தாள் சொல்லாது.

கை சுத்தத்தைப் பொறுத்தவரை, இந்த நோயாளிகளுக்கு நாம் புதிதாகச் சொல்லித்தர எதுவுமே இருந்ததில்லை. சுத்தமான கையால், சில மணி நேரத்துக்கு ஒரு முறை டியூப் போடும் முறையை அமெரிக்கச் சிறுநீரக மருத்துவர் ஜாக் லாபிடஸ் 1972-இல் முன்வைத்ததிலிருந்து, ஒரு நாளைக்கு நான்கு முதல் ஆறு முறை சோப்புப் போட்டுக் கை கழுவுவது இவர்களுடைய வாழ்க்கைமுறை. ஊருக்கே கை கழுவக் கற்றுக்கொடுத்த நேரத்தில் இவர்களை ஆசிரியர்களாக நிறுத்தியிருக்கலாம். நாமோ இவர்கள் கையிலும் ஒரு துண்டுப்பிரசுரத்தைத் திணித்தோம்.

மனநிலைக் கேள்வித்தாளிலும் ஒரு பொறி இருக்கிறது. மனச்சோர்வை அளக்கப் பரவலாகப் பயன்படும் ஒன்பது கேள்விகளில் தூக்கம், களைப்பு, பசி ஆகியவை பற்றியவை உண்டு. மற்றவர் கவனிக்கும் அளவுக்கு மெதுவாக நகர்கிறீர்களா என்றும் ஒரு கேள்வி உண்டு. இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிவிடப்படுபவரிடம் தூக்கத்தைப் பற்றியும், கால் அசையாதவரிடம் வேகத்தைப் பற்றியும் கேட்டுவிட்டு எண்களை அப்படியே கூட்டினால், மனச்சோர்வு இல்லாதவரும் உள்ளவராகத் தோன்றலாம். அதற்காக அந்தக் கருவியைத் தூக்கி எறிய வேண்டாம். நாட்டமின்மை, நம்பிக்கையிழப்பு, தன்னையே வெறுத்தல், சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவற்றுக்கான விடைகளைத் தனியே படியுங்கள். தொற்றுக்கு முந்தைய ஆய்வுகளே தண்டுவடக் காயம் பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பதாகக் கணித்திருந்தன. ஆகவே நீங்கள் கண்டதையெல்லாம் தொற்றின் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. மீதி நான்கு பேர் சோர்வின்றி இருக்கிறார்கள் என்பதையும் மறந்துவிட வேண்டாம்; படுக்கையில் இருப்பவர் எல்லோரும் உடைந்துபோனவர்கள் என்ற முன்முடிவோடு வார்டுக்குள் நுழையும் மாணவர்களைத்தான் நான் அதிகம் திருத்த வேண்டியிருக்கிறது.

தாளை ஓரமாக வைத்துவிட்டு, நேற்றிரவு எதை நினைத்துத் தூக்கம் வரவில்லை என்று ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். அந்த நாட்களில் எனக்குக் கிடைத்த பதில்களில் கிருமி முதலிடத்தில் இருந்ததே இல்லை. கூட இருந்து பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு வந்துவிட்டால் என்ன செய்வது, அண்ணனை மாற்றிவிட வார்டில் அனுமதிப்பார்களா, அவசரமாக வீட்டுக்கு அனுப்பினால் வாசற்படி ஏறுவது எப்படி, கடன் தவணையை யார் கட்டுவார்கள் ஆகியவையே வந்தன. நம் ஊர் வார்டுகளில் புரட்டிவிடுவதும் டியூப் போடுவதும் பெரும்பாலும் உறவினர் கைகளில் இருப்பதால், துணைக்கு வருபவரைக் கட்டுப்படுத்தும் எந்த விதியும் நோயாளியின் உடலையே நேரடியாகத் தொடுகிறது.

யார் சொல்கிறார்கள் என்பதும் முக்கியம். டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகு, வீல்சேரில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார்; வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு மருத்துவத் துறையைக் கட்டியெழுப்பினார். தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-இல் தொடங்கிய எஸ். இராமகிருஷ்ணன், 1975-இல் கடற்படைத் தேர்வின்போது கழுத்தில் அடிபட்டவர். தமிழ்நாட்டில் இந்த மருத்துவத்துக்கு அடித்தளம் இட்டவர்களில் இந்த இருவருமே அந்தக் கட்டிலில் கிடந்தவர்கள். உங்கள் அடுத்த விழிப்புணர்வுக் கூட்டத்தில் நீங்கள் பேசுவதற்குப் பதிலாக, வீடு திரும்பிப் பத்து ஆண்டுகள் ஆன ஒரு பழைய நோயாளியைப் பேச வையுங்கள்.

என் மகனுக்கு வயது 27, எனக்கு 61. அவனுக்கு எல்லாமே நான்தான். 2021 மே மாதம் எனக்குக் கொரோனா வந்தபோது, காய்ச்சலோடு முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு அவனைப் பார்த்துக்கொண்டேன். மறுபடி அப்படி ஒன்று வந்தால்?
— ஒரு தாய், கோவில்பட்டி

அம்மா, உங்களுக்கு மாற்றாக ஒருவர் தயாராக இல்லாமல் எந்த மருந்தும் இந்தக் கவலையைத் தீர்க்காது. உறவிலோ தெருவிலோ ஒருவரைத் தேர்ந்து, மாதம் ஒரு நாள் உங்கள் மேற்பார்வையில் எல்லா வேலையையும் அவரே செய்யட்டும். மலம் எடுப்பதை இன்னொருவர் செய்வதற்கு மகன் கூச்சப்படலாம். யாரை ஏற்றுக்கொள்வாய் என்று அவரிடமே கேளுங்கள். 27 வயது மனிதரின் உடலைப் பற்றி நீங்களும் நானும் முடிவெடுப்பது சரியல்ல. எந்த வேலையை எந்த நேரத்தில் எப்படிச் செய்ய வேண்டும் என்பதை அவர் தம் வாயால் சொல்லிப் பதிவு செய்து கைப்பேசியில் வைத்திருந்தால், புதிதாக வருபவருக்கு அதுவே பாடம். அவருக்கும் தம் உடலின் பொறுப்பு தம்மிடம் இருக்கிறது என்ற தெம்பு வரும்.

டியூப், கையுறை, வழுவழுப்புக் களிம்பு, மாத்திரைகள் ஆகியவற்றை ஒரு மாதத்துக்குக் குறையாமல் இருப்பு வையுங்கள். ஊனமுற்றோர் உரிமைகள் சட்டம் 2016, அதன் எட்டாம் பிரிவில், பேரிடர்க் காலத்தில் சமமான பாதுகாப்பை உறுதி செய்கிறது. அந்த உரிமையைக் கேட்டுப் பெற அடையாள அட்டை வேண்டும். மகனிடம் இன்னும் இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். கடைசியாக ஒன்று: 2021-இல் நீங்கள் பட்ட பாட்டை மூன்றே வரியில் எழுதி முடித்திருக்கிறீர்கள். அடுத்த முறை மகனை அழைத்துக்கொண்டு பரிசோதனைக்குப் போகும்போது, உங்கள் பெயரிலும் ஒரு சீட்டுப் போட்டு, உங்கள் தூக்கத்தைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

கீழுடல் செயலிழந்தவர்கள் சளி பிடித்தால் ஆவி பிடிக்கலாமா? கபசுரக் குடிநீர் குடிக்கலாமா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

கொதிக்கும் பாத்திரத்தை மடியிலோ தொடைகளுக்கு நடுவிலோ வைத்து ஆவி பிடிக்கவே கூடாது. உணர்வில்லாத தொடையில் வெந்நீர் சிந்தினாலும் தெரியாது; போர்வையை விலக்கும்போது தோல் உரிந்திருக்கும். ஆவி பிடித்தால் வைரஸ் சாவதும் இல்லை. மூக்கடைப்புக்கு ஆறுதலாக இருக்கிறது என்றால், பாத்திரம் உயரமான, ஆடாத மேசையில் இருக்க வேண்டும். ஒருவர் கூடவே நிற்க வேண்டும்.

குடிநீரைச் சித்த மருத்துவரின் ஆலோசனையோடு குடிப்பவர்களைத் தடுக்க மாட்டேன். அதை நம்பி மற்ற மாத்திரைகளையோ தடுப்பூசியையோ விட்டுவிடக் கூடாது. எதைக் குடித்தாலும் அளவைக் கணக்கில் வையுங்கள்: காய்ச்சல் என்று கூடுதலாகத் தண்ணீர், கஞ்சி, கஷாயம் குடிக்கும் நாளில் சிறுநீர்ப்பையில் ஒரு வேளைக்கு அரை லிட்டருக்கு மேல் சேராதபடி டியூப் போடும் முறையையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.